சாணத்தில் ஓடும் கார்: ஷிகாஒய் ஊரின் கணக்கும் நம் தொழுவத்தின் கணக்கும்

உங்கள் தொழுவத்தில் நான்கு மாடுகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மாட்டுக்குப் பத்து கிலோ வீதம் ஒரு நாளைக்கு நாற்பது கிலோ சாணம் சேரும். அந்தச் சாணத்தில் இருந்து ஹைட்ரஜன் எடுத்தால், அதை நிரப்பிக்கொண்டு ஒரு கார் எவ்வளவு தூரம் போகும்? சுமார் 20 கிலோமீட்டர். பக்கத்து டவுனுக்குப் போய்த் திரும்பி வரலாம்.

இது கற்பனைக் கணக்கு அல்ல. ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்காய்டோ தீவில், ஷிகாஒய் என்ற சிற்றூரில் மாட்டுச் சாணத்தில் இருந்து ஹைட்ரஜன் எடுத்து, அதே வளாகத்தில் உள்ள பங்க்கில் கார்களுக்கு நிரப்புகிறார்கள். ஹைட்ரஜன் கார் என்றாலே பெரிய நகரம், பெரிய கம்பெனி என்று நினைக்கிறோம். ஒரு பால்பண்ணை ஊர் இதற்குள் எப்படி வந்தது என்பதை உழவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், சாணத்தைக் கேட்டு நம் ஊர்களுக்கும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சென்ற மாதம் கொங்குப் பகுதியில் இருந்து ஒரு பண்ணையாளர் போன் செய்தார். "ஏனுங்க, பண்ணைச் சாணியை மொத்தமா எடுத்துக்கறோம், டன் கணக்குல காசு குடுத்தர்றோம்னு கேக்கறாங்க. குடுத்துறலாங்களா?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

நாற்றத்தில் தொடங்கிய கதை

ஷிகாஒய் இருப்பது தோகாச்சி சமவெளியில். மக்கள் தொகை ஆறாயிரத்துக்கும் குறைவு. மாடுகளின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. ஜப்பானில் கறக்கும் பாலில் பாதிக்கு மேல் ஹொக்காய்டோவில் இருந்துதான் வருகிறது. அங்கே நிற்கும் ஹோல்ஸ்டீன் கறவை மாடு ஒன்று, சாணமும் மூத்திரமும் சேர்த்து ஒரு நாளைக்கு 60 கிலோவுக்கு மேல் போடும். முன்பெல்லாம் அதைக் குவித்து வைத்து, பிறகு புல்வெளியில் இறைத்தார்கள். நாற்றம் ஊரைத் தூக்கியது. மழையில் கரைந்து ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் போனது. கால்நடைக் கழிவை வெறும் தரையில் குவித்து வைக்கக் கூடாது என்று ஜப்பான் 1999-ல் சட்டம் போட்டது. 2004 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சிமென்ட் தரையும் கூரையும் போட்டுச் சேமிக்கும் செலவைத் தனித்தனிப் பண்ணைகள் தாங்கவில்லை. அதனால் ஊர் நிர்வாகமே பொதுவான ஒரு சாண எரிவாயு நிலையத்தை 2007-ல் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 95 டன் மாட்டுக்கழிவை அது செரிக்கிறது. 2016-ல் அதே ஊரின் இன்னொரு பகுதியில், இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய நிலையம் வந்தது.

ஆக, கார் ஓட்ட வேண்டும் என்று யாரும் இதைத் தொடங்கவில்லை. நாற்றம் போக வேண்டும், சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், வயலுக்கு நல்ல எரு வேண்டும். இந்த மூன்றுக்காகக் கட்டியதுதான் நிலையம். வாயுவில் மின்சாரம் எடுத்து விற்றார்கள். எஞ்சின் கக்கும் வெப்பத்தையும் வீணாக்காமல், உறைபனி ஊரில் பசுமைக்குடிலுக்குள் மாம்பழம் பழுக்க வைத்தார்கள். ஸ்டர்ஜன் மீனும் வளர்த்தார்கள். ஹைட்ரஜன் அதற்குப் பிறகு வந்தது. 2015-ல் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் செயல்விளக்கத் திட்டமாக அது தொடங்கியது. ஏர் வாட்டர், கஜிமா போன்ற நிறுவனங்கள் இதில் இறங்கின. ஒரு நாளில் 28 கார்கள் வரை நிரப்பும் திறன் இந்தப் பங்க்குக்கு இருக்கிறது. சிலிண்டர்களில் அடைத்த ஹைட்ரஜன் பால்பண்ணைக்கும், மீன் வளர்க்கும் இடத்துக்கும், ஒபிஹிரோ நகர உயிரியல் பூங்காவுக்கும் போனது. அங்கெல்லாம் எரிபொருள் மின்கலத்தில் வைத்து மின்சாரமும் வெந்நீரும் எடுத்தார்கள்.

சாணத்தில் இருந்து ஹைட்ரஜன் வரும் வழி

சாண எரிவாயுக் கலன் உங்களுக்குத் தெரியும். காற்று புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் சாணத்தைச் செரித்து வாயு விடுகின்றன. அதில் 55 முதல் 60 சதவீதம் மெத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு.

முதலில் இந்தச் சல்ஃபைடையும் கரியமில வாயுவையும் நீக்கி மெத்தேனைத் தனியே எடுக்க வேண்டும். அதை நீராவியோடு சேர்த்து, 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தினால் மெத்தேனும் நீரும் உடைந்து ஹைட்ரஜன் வரும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதை மேலும் நீராவியோடு வினைபுரியச் செய்து இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜன் எடுத்து, கடைசியில் வடிகட்டிச் சுத்தப்படுத்துவார்கள். யூரியா ஆலைகளில் இயற்கை எரிவாயுவைக் கொண்டு செய்வதும் இதே வேலைதான். ஆலையில் அந்த ஹைட்ரஜன் அம்மோனியாவாகி யூரியாவுக்குப் போகிறது, இங்கே காருக்குப் போகிறது.

சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம்? காரில் உள்ள எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினம் பூசப்பட்டிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு 1 கோடியில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகச் சேர்மங்கள் 100 கோடியில் 4 பங்கைத் தாண்டக் கூடாது. இது பன்னாட்டுத் தர அளவு. நம் கலனில் இருந்து நேராக வரும் வாயுவில் பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்குக்கு மேல்கூட ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். இடைவெளியைப் பாருங்கள்.

இந்தச் சல்ஃபைடை நான் மாணவப் பருவத்திலேயே சந்தித்திருக்கிறேன். நான் பயிற்சிக்குப் போன ஒரு பண்ணையில், சாண எரிவாயுவில் ஜெனரேட்டர் ஓட்டினார்கள். திறப்பு விழா எல்லாம் விமரிசையாக நடந்தது. வாயுவைச் சுத்தப்படுத்தும் கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்கவில்லை. சில மாதங்களிலேயே எஞ்சின் உள்ளே அரித்து நின்றுவிட்டது. சாண எரிவாயுவே உதவாது என்று அன்றைக்கு அங்கே முடிவு கட்டினார்கள். குற்றம் வாயுவின் மேல் இல்லை. இரும்புத் துகள் நிரப்பிய ஒரு சிறிய டிரம் வழியாக வாயுவைச் செலுத்தியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும்.

பங்க் என்றால் நான்கு சுவரும் ஒரு பம்பும் அல்ல

பெட்ரோல் பங்க்கில் தரைக்கு அடியில் ஒரு டேங்க், மேலே ஒரு பம்ப். ஹைட்ரஜனுக்கு அது போதாது. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 11 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு சிறிய அறை அளவு. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் அதில் பெட்ரோலைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. எனவே அதை நெருக்கி அடைக்க வேண்டும். லாரி, பஸ்களில் 350 பார், கார்களில் 700 பார் அழுத்தம். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார், சி.என்.ஜி. ஆட்டோவின் சிலிண்டரில் 200 பார் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு புரியும்.

பங்க்கில் ஒரு கம்ப்ரசர் ஹைட்ரஜனை 700 பாருக்கும் மேலாக அழுத்தி, தடித்த கலன்களில் சேமிக்கும். கார் வந்து குழாயை மாட்டியதும், அங்கிருந்து வேகமாகக் காரின் டேங்குக்குப் பாயும். அப்படிப் பாயும்போது டேங்க் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான். காரின் டேங்க் 85 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது. அதனால் ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்புகிறார்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஐந்து கிலோ நிரம்பிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் கம்ப்ரசர், குளிரூட்டி, சென்சார் எல்லாம். ஜப்பானில் இப்படி ஒரு பங்க் அமைக்க 40 முதல் 50 கோடி யென் வரை ஆகியிருக்கிறது. நம் பணத்தில் இருபது கோடி ரூபாய்க்கு மேல்.

பாதுகாப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு நாற்றம் கிடையாது. சமையல் கேஸில் சேர்ப்பதுபோல் நாற்றப் பொருளைச் சேர்த்தால் மின்கலம் கெட்டுவிடும். எரிந்தால் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஒரே நல்ல குணம், காற்றைவிடப் பல மடங்கு லேசானது என்பதால் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். ஆகவே பங்க்கின் கூரையை வாயு தேங்காதபடி அமைக்கிறார்கள். நார்வேயில் ஆஸ்லோ அருகே சாண்ட்விகா என்ற இடத்தில் 2019 ஜூனில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. உயர் அழுத்தக் கலனின் மூடியில் உள்பக்க போல்ட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கருவி எவ்வளவு நவீனமானாலும் ஸ்பேனர் பிடிக்கும் கைக்குப் பயிற்சி வேண்டும். இவ்வளவு அழுத்தத்தைக் கையாளும் ஆட்கள் கிராமத்தில் கிடைப்பார்களா என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஷிகாஒயில் வந்த நடைமுறைச் சிக்கல் உழவர்களுக்கு உடனே புரியும். டிராக்டரும் ஃபோர்க்லிஃப்டும் வயலிலும் பண்ணையிலும் இருக்கின்றன. அவற்றைப் பல கிலோமீட்டர் ஓட்டி பங்க்குக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. எனவே எரிபொருளை வண்டியில் ஏற்றிப் பண்ணைக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆக, பங்க்குக்கு மேல் இன்னொரு செலவு.

கோழியா, முட்டையா?

பங்க் இல்லாமல் யாரும் ஹைட்ரஜன் கார் வாங்க மாட்டார்கள். கார் இல்லாமல் யாரும் பங்க் கட்ட மாட்டார்கள். ஜப்பான் முதலில் பங்க் கட்டுவோம் என்று முடிவெடுத்தது. 2020-க்குள் 160 பங்க்குகள், 40,000 கார்கள் என்று இலக்கு வைத்தார்கள். கார் கம்பெனிகளும் எண்ணெய், எரிவாயு கம்பெனிகளும் முதலீட்டாளர்களும் சேர்ந்து 2018-ல் ஒரு கூட்டு நிறுவனமே தொடங்கினார்கள். பங்க்குகள் ஏறக்குறைய சொன்னபடி வந்துவிட்டன. கார்கள் வரவில்லை. எண்ணாயிரம் அளவிலேயே நின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு பங்க்குக்கு 50 கார். ஒவ்வொன்றும் வாரம் ஒரு முறை வந்தால், ஒரு நாளைக்கு ஏழு வண்டி. இருபது கோடி போட்டவர் ஏழு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதைத் தாக்குப்பிடிக்க முடியாமல், 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் தன்னுடைய கார் ஹைட்ரஜன் பங்க்குகளை நிரந்தரமாக மூடிவிட்டது.

இந்தியா கார்களை விட்டுவிட்டு, பஸ்ஸிலும் லாரியிலும் தொடங்கியிருக்கிறது. என் பார்வையில் அது சரியான முடிவு. ஒரே பாதையில் போய்வரும் பஸ்ஸுக்கு இரண்டு முனையிலும் பங்க் இருந்தால் போதும். 2023 ஜனவரியில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் கீழ் 2025 மார்ச்சில் 37 வண்டிகள், 9 பங்க்குகள் கொண்ட முன்னோட்டத் திட்டங்களை அறிவித்தார்கள். திருவனந்தபுரம் - கொச்சி பாதையும் அதில் ஒன்று.

20 மாடா, ஒரு கிலோவா?

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 25 கிலோ பசுஞ்சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு என்பது நம் நாட்டில் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. ஒரு கன மீட்டர் வாயுவில் சுமார் 400 கிராம் மெத்தேன் இருக்கும். வெப்பத்துக்காக எரிக்கும் பங்கையும் சேர்த்தால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான மெத்தேன் தேவை. அதாவது எட்டு கன மீட்டர் வாயு, 200 கிலோ சாணம், 20 மாடு. ஒரு கிலோ ஹைட்ரஜனில் கார் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போகும்.

அதே 200 கிலோ சாணத்தின் வாயுவைச் சுத்தம் மட்டும் செய்து, அழுத்தி, சி.என்.ஜி. காருக்கு ஊற்றினால்? மூன்று கிலோ வாயு. கிலோவுக்கு 25 கிலோமீட்டர் என்று குறைத்து வைத்தாலும் 75 கிலோமீட்டர் ஓடும். நன்றாக ஓடும் சிறிய காரில் 85 வரும். 700 பார் வேண்டாம், மைனஸ் 40 டிகிரி வேண்டாம், பிளாட்டினம் வேண்டாம். ஏற்கெனவே உள்ள வண்டியும் ஏற்கெனவே உள்ள பங்க்கும் போதும். கூடுதலாகக் கிடைக்கும் 15, 25 கிலோமீட்டருக்காக இருபது கோடி போட வேண்டுமா என்பதுதான் கேள்வி. இன்றைய நிலையில் வேண்டாம் என்றே நான் சொல்வேன். கார் தயாரிக்கும் ஜப்பானியர்களில் ஒரு சாராரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் போலும். சுசுகி நிறுவனம் 2023-ல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தோடும் குஜராத்தின் பனாஸ் பால் கூட்டுறவு ஒன்றியத்தோடும் ஒப்பந்தம் போட்டு, நான்கு சாண எரிவாயு நிலையங்கள் கட்ட இறங்கியது. பனாஸ் ஒன்றியம் அதற்கு முன்பே தீசா அருகே நாளொன்றுக்கு 40 டன் சாணம் செரிக்கும் நிலையத்தையும், அந்த வாயுவை விற்கும் பங்க்கையும் நடத்தி வந்தது. பாலுக்குக் காசு கொடுக்கும் சங்கமே சாணத்துக்கும் கிலோவுக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. தமிழ்நாட்டில் நாமக்கல் புதுச்சத்திரத்திலும் இப்படி அழுத்தப்பட்ட உயிர்வாயு எடுக்கும் நிலையம் இருக்கிறது.

நமக்கு ஒரு சாதகமும் உண்டு. ஷிகாஒயில் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 20 டிகிரி. கலனைச் சூடாக வைக்கவே வெப்பம் செலவாகும். நம் ஊரில் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் வாயு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நான்கு மாடு வைத்திருப்பவர் காரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவருடைய ஒரு மாதச் சாணத்தில் 48 கன மீட்டர் வாயு வரும். அது 20 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். ஏறத்தாழ ஒன்றரை சிலிண்டர். இதைவிட லாபமான பயன்பாடு அந்தச் சாணத்துக்கு இல்லை.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குள் போயிருக்கும் ஹைட்ரஜன் நான்கரை கிலோ. ஹைட்ரஜன் காரின் டேங்க் ஒரு முறை நிரம்ப ஐந்தரை கிலோ தேவை. அதாவது கார் ஒரு டேங்க் குடித்தால், ஒரு மூட்டைக்கு மேலான யூரியா. இறக்குமதி எரிவாயுவில் யூரியா தயாரிக்கும் நாட்டில், சுத்தமான ஹைட்ரஜன் கிடைத்தால் அதற்கு முதல் உரிமை உர ஆலைக்கா, காருக்கா? வேளாண்மை படித்தவன் என்பதால் என் பதில் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சாணத்தை விற்கலாமா?

மீண்டும் கொங்குப் பண்ணையாளருக்கு வருகிறேன். கலனுக்குள் போகும் சாணத்தில் இருந்து வெளியேறுவது கார்பனும் ஹைட்ரஜனும்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் கழிவுக் குழம்பில் தங்கிவிடும். தழைச்சத்தில் கணிசமான பகுதி அம்மோனியம் வடிவத்துக்கு மாறுவதால் பயிர் அதைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். ஷிகாஒய் உழவர்கள் சாணத்தைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. செரித்த குழம்பு அந்த ஊரின் வயலுக்கும் புல்வெளிக்கும் உரமாகத் திரும்புகிறது. அந்தத் திட்டம் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் இடச் சொல்கிறோம். ஒரு டன்னில் ஐந்து கிலோ தழைச்சத்து வீதம் வைத்தாலே 25 கிலோ. யூரியா கணக்கில் ஒரு மூட்டைக்கும் மேல். மண்ணில் சேரும் அங்ககப் பொருளுக்கு விலை போட முடியாது. சாணத்தை மொத்தமாக விற்றுவிட்டு உரக்கடைக்குப் போனால், டன்னுக்கு வாங்கிய காசு அங்கேயே போய்விடும்.

அவரிடம் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதிக் கேட்கச் சொன்னேன். ஒன்று, கொடுக்கும் சாணத்துக்கு ஈடாக எத்தனை டன் குழம்பு அல்லது பிழிந்த எரு திரும்பி வரும், யார் செலவில் வரும். இரண்டு, அந்த எருவின் ஆய்வு அறிக்கை. நிலையத்தில் கோழி எச்சம், ஆலைக் கழிவு என்று வேறு பொருட்களும் கலப்பார்கள் என்பதால் உப்பும் கன உலோகமும் பார்க்க வேண்டும். மூன்று, நிலையம் நின்றுபோனால் சாணத்தை என்ன செய்வது என்பது. இந்த நொதித்த எருவை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அரசு சேர்த்திருக்கிறது. அதை விற்கும் நிறுவனத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவித்தொகையையும் 2023-ல் அறிவித்தது. அந்த உதவி அவர்களுக்குக் கிடைக்கும்போது, எருவை உங்களுக்கு மலிவாகத் தரச் சொல்லிப் பேரம் பேச இடம் இருக்கிறது.

குழம்பு திரும்பி வந்தால் மாலை நேரத்தில் இட்டு, அன்றே மண்ணோடு கலந்துவிடுங்கள். வெயிலில் மேலாகக் கிடந்தால் அம்மோனியா காற்றோடு போய்விடும். பண்ணையாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எரு திரும்பி வரும்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.